ஔலிக்கு இரண்டு டிக்கெட்

1993

நவம்பர் 7, ஞாயிறு

மூன்று நாளாக மழை. துணி எதுவும் காயவில்லை. சமையலறை முழுக்க இவருடைய பனியனும் கால்சட்டையும் தொங்குகின்றன. தாளிக்கப் போனால் ஈரக் கால்சட்டை முகத்தில் அறைகிறது. இந்த லட்சணத்திலும் ஒரு நல்ல சேதி. பூசை முடிந்து கோயில் வாசலில் குடையை விரித்துக்கொண்டே இவர் சொன்னார்: "சரி, போலாம்."

எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடும். ஒரு மாதமாக நச்சரித்தது வீண்போகவில்லை.

பிப்ரவரி 28-ஆம் தேதி இவருக்கு ஆவடி ஃபேக்டரியில் ரிடையர்மென்ட். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு இந்தியாவில் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் போய்வர சர்க்காரே ரயில் செலவு கொடுக்கும். எல்.டி.சி. என்பார்கள். அதில் இதுதான் கடைசி. இதை விட்டால் நாங்கள் இரண்டு பேரும் அரக்கோணம் தாண்டப் போவதில்லை.

எனக்குப் பனி பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பன்னிரண்டு வருஷமாகப் பனிச்சறுக்கு ஜாக்கெட்டுகளை செக் பண்ணுகிறேன். எல்லாம் ஆஸ்திரியாவுக்குப் போகிற சரக்கு. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு அட்டை: வெள்ளை மலை, அடிவாரத்தில் கூர்க்கோபுரத்தோடு ஒரு கோயில், சரிவில் எறும்பு மாதிரி மனிதர்கள். கூரைத் தகடு கொதிக்க, வியர்வை சொட்டச் சொட்ட அந்த அட்டையைக் கட்டித் தொங்கவிடுகிறவள் நான். ஆஸ்திரியாவுக்கு யார் கூட்டிப்போவார்கள்? நம் இமயமலையிலேயே ஔலி என்று ஓர் இடம், சறுக்குவதற்கென்றே இருக்கிறதாம். பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன்.

கல்யாணமாகி இருபத்தோரு வருஷம். எந்த லீவு என்றாலும் வேளாங்கண்ணி. மாதா கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போதும்.

நவம்பர் 9, செவ்வாய்

கட்டிங் மாஸ்டர் சுலைமான் பாயிடம் ஔலி போகிற சேதியைச் சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்போ அந்தக் கைப் பாக்கெட் எதுக்குன்னு பார்த்துக்கினு வந்துடும்மா."

எல்லா ஜாக்கெட்டிலும் இடது கையில், மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே, ஜிப் வைத்து ஒரு சின்னப் பை உண்டு. தீப்பெட்டி வைக்கலாம், அவ்வளவுதான் இடம். பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குள் இதே வழக்கு. பாய் சிகரெட் என்கிறார். பட்டன் வைக்கிற கண்ணம்மா, மாத்திரை வைக்க என்கிறாள். நான் ஜெபமாலை என்று நினைத்தேன். கையை ஆட்டினால் குலுங்குகிற இடத்தில் ஜெபமாலையை யார் வைப்பார்கள்?

நவம்பர் 14, ஞாயிறு

தீபாவளிப் பலகாரத் தட்டோடு வந்தார் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சண்முகசுந்தரம். ஃபேக்டரியில் பில் செக்‌ஷன். இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஔலி சேதியைச் சொல்ல, அவர் குதித்தார்: "ஔலியா? அது பத்ரிநாத் போற வழியாச்சே! நாங்களும் வர்றோம்!"

ஒரு மணி நேரத்துக்குள் வரிசையில் நாலு குடும்பம் சேர்ந்துவிட்டது. மொத்தம் பதினேழு பேர். ஒரு சமையல்காரர், இரண்டு மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி ஒரு மூட்டை என்று பட்டியல் வேறு போட்டார்கள். நாகவல்லி — சண்முகசுந்தரத்தின் மனைவி — இட்லி மாவு அங்கே புளிக்குமா என்று என்னைக் கேட்கிறாள். நான் என்ன அங்கேயே பிறந்து வளர்ந்தவளா?

இவர் எல்லாரிடமும் தலையாட்டுகிறார். தலையாட்டுவதற்கு மட்டும் ஒரு மெடல் இருந்தால் இவருக்குத்தான்.

நவம்பர் 23, செவ்வாய்

பனிக்காலத்தில் பத்ரிநாத் கோயில் நடை சாத்திவிடுவார்களாம். சண்முகசுந்தரம் விசாரித்துவிட்டு வந்தார். பதினேழு பேர் இரண்டு பேரானோம். அப்பாடா.

டிசம்பர் 5, ஞாயிறு

ஔலி விருந்தினர் இல்லத்துக்கு இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். பதில் இந்தியில் வந்திருக்கிறது. இவர் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்திரை நல்லா கீது" என்றார். கோபத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

கடைசி வரிசையில் ஒரு பீகார்க்காரம்மா இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். பிப்ரவரி 11 முதல் மூன்று நாளுக்கு அறை உண்டு. கம்பளித் துணி நீங்களே கொண்டு வரவேண்டும். பனி விழுந்து பாதை மூடினால் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருக்கும். இவ்வளவையும் அவர் சைகையோடு சொல்லி முடித்தார். நடக்கிற பாகத்தை இவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 12, ஞாயிறு

திருநின்றவூரிலிருந்து அண்ணி வந்தார். தெரசா அண்ணி, இவருடைய அக்கா. தாய் இல்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர். அதை மணிக்கு ஒரு தடவை நமக்கு ஞாபகப்படுத்துவார்.

"இன்னா குமாரி, ஐஸைப் பாக்க அம்மாந்தூரம் போணுமா? உன் ஊட்ல ஃபிரிஜ்ஜு கீது. தொறந்து பாரு."

அதோடு விட்டாரா? சுவரில் தொங்கிய பங்குக் கோயில் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தேதியைத் தேடினார். பிப்ரவரி 16 விபூதிப் புதன். நாங்கள் திரும்புவது 18. "தவக்காலம் பொறக்க சொல்ல, நெத்தில விபூதி பூசாம ரயில்ல ஜாலியா வருவீங்களா? நல்லாகீது உங்க கிறிஸ்தவம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலண்டரைப் பார்க்கவே இல்லை நான். இப்படி ஒரு தப்பை வேறு எந்தக் கத்தோலிக்க வீட்டில் செய்வார்கள்?

அப்புறம்தான் வழக்கமான பல்லவி. "கடைசி லீவு. மாதாகிட்ட இன்னொரு தபா போய்க் கேளுங்க. வேதத்துல தொண்ணூறு வயசுல பெத்தவங்க கீறாங்க. உனக்கு நாப்பத்தஞ்சுதான்." பையிலிருந்து சின்ன மரத்தொட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். சுண்டுவிரல் நீளம், நீலச் சாயம். அடுத்த தடவை வேளாங்கண்ணியில் கட்டுவதற்காக இப்போதே வாங்கிவிட்டாராம்.

இவர் ஜன்னல் வழியாகத் தண்ணி லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 13, திங்கள்

எழுதினால்தான் ஆறும்.

82-ஆம் வருஷம் ஜூலையில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை, வேறு வழி இல்லை. தெரிந்தது மூன்று பேருக்கு: டாக்டரம்மா, இவர், நான். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அண்ணியிடம் இவர் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். "அக்கா தாங்க மாட்டாங்க, அப்பறமா சொல்லிக்கலாம்." அந்த அப்பறம் பதினோரு வருஷமாக வரவில்லை.

வருஷா வருஷம் அண்ணி ஒரு தொட்டில் வாங்குவார். வேளாங்கண்ணியில் என் கையில் கொடுத்துக் கட்டச் சொல்வார். நான் கட்டுவேன். பக்கத்தில் இவர் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்பார். இல்லாத ஒன்றைக் கொடு என்று மாதா முன்னால் ஒரு பொய்யைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, வெளியே வந்து பொரித்த மீன் சாப்பிடுவோம்.

என்னால் இனிமே முடியாது. யார்கிட்டயும் எதையும் கேக்காம ஒரு இடத்துக்குப் போய் ஒரு நாளாவது நிக்கணும். அது பனியா இருந்தா இன்னும் நல்லது. இது ஒரு பெரிய ஆசையா?

டிசம்பர் 21, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு சென்ட்ரலில் க்யூ. இவருக்கு ஷிஃப்ட் மாற்ற முடியவில்லையாம். காலை ஆறரைக்குப் போனவள் கவுன்டரை அடைந்தபோது பதினொன்றே முக்கால். எனக்கு முன்னால் நின்றவர் ஏழு ஃபாரம் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர். மனிதரா, ரயில்வே கைடா?

பிப்ரவரி 7 கிளம்பி டெல்லி. அங்கிருந்து பஸ். 18-ஆம் தேதி வீடு. பங்குச் சாமியாரிடமும் கேட்டுவிட்டேன். பயணத்தில் இருப்பவர்கள் திரும்பி வந்து பூசிக்கொள்ளலாம் என்று சிரித்தார். டிக்கெட்டை இவரிடம் காட்டினேன். "ம்" என்றார். காகிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

டிசம்பர் 25, சனி

கிறிஸ்துமஸ். அண்ணி கேக்கைச் சாப்பிட்டுவிட்டு முட்டை குறைச்சல் என்றார்.

1994

ஜனவரி 8, சனி

கம்பெனியில் ரிஜெக்ட் பீஸ் விற்பனை. இரண்டு ஜாக்கெட் எடுத்தேன். இரண்டும் ஆரஞ்சு. இவருடையதில் வலது கை இரண்டு அங்குலம் நீளம். என்னுடையது நானே தள்ளிய பீஸ். இடது கைப் பையின் வாயோடு ஜிப்பையும் சேர்த்து அடித்துவிட்டாள் யாரோ ஒரு புதுப் பெண். பிரித்தால் துணி கிழியும். போகட்டும், எதற்கென்றே தெரியாத பைதானே.

போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றார். நாகவல்லி எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கேஸ் சிலிண்டருக்கு உறை போட்டாப்ல இருக்கு" என்று சிரித்தாள். இவரும் சிரித்தார். ஆனால் உடனே கழற்றிவிட்டார். ஏதோ சரியில்லை. என்ன கேட்டாலும் "ம்".

ஜனவரி 19, புதன்

சண்முகசுந்தரம் நல்ல எண்ணத்தில்தான் எல்.டி.சி. ஆர்டரின் நகலை வீட்டுக்கே எடுத்து வந்தார். "என்னம்மா, பனிமலைன்னீங்க. ஆர்டர்ல வேளாங்கண்ணின்னு இருக்கே? பக்கத்துலயே முடிச்சிக்கிட்டீங்க போல."

வாங்கிப் பார்த்தேன். செல்லும் இடம்: வேளாங்கண்ணி. பின்னால் இணைத்திருந்த விண்ணப்பத்திலும் அதுவே. இவர் கையெழுத்துதான்.

குளித்துவிட்டு வந்தவரிடம் நீட்டினேன். துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "கை தானா எய்திடுச்சு குமாரி. இருபது வருசமா எய்தற பேரு. பழக்கதோசம்" என்றார்.

சிரித்துத் தொலைக்கலாம் என்றுதான் இருந்தது. அப்போது விண்ணப்பத் தேதி கண்ணில் பட்டது. 13-12-93. திங்கட்கிழமை. அண்ணி தொட்டிலோடு வந்து போன மறுநாள்.

கையா தானா எழுதிச்சு? எட்டு நாள் கழிச்சு நான் சென்ட்ரல்ல அஞ்சு மணி நேரம் கால் கடுக்க நின்னேனே — அப்பவே தெரியும் இவருக்கு! வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல. ஜாக்கெட்ட மாட்டிக்கினு சிரிச்சாரே, அப்பவும் தெரியும்!

கத்திவிட்டேன். வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். "உங்க அக்காகிட்ட ஒரு உண்மைய சொல்ல உங்களுக்குத் தைரியம் இல்ல. அதுக்கு நான் வருசா வருசம் தொட்டில் கட்டணுமா? இருபத்தோரு வருசமா கேட்டாச்சு. எனக்கு இனிமே கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல!"

இவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஜனவரி 22, சனி

பேச்சு இல்லை. தட்டை டக்கென்று வைக்கிறேன், சத்தமில்லாமல் சாப்பிடுகிறார். உப்பு போடாமல் வைத்தேன். அதையும் சாப்பிட்டார். இந்த மனிதரோடு சண்டைகூட ஒழுங்காகப் போட முடியாது.

ஜனவரி 26, புதன்

குடியரசு தினம், இரண்டு பேருக்கும் லீவு. நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்து அவரும் பொறுக்கினார். கல்லை விட்டுவிட்டு அரிசியைப் பொறுக்கி எறிகிறார்.

"ஆர்டர மாத்த எய்திக் குடுத்துட்டேன். ஆபீசர் லீவு. திங்கக்கெயம கையெய்த்துப் போடுவாரு."

நான் முறத்தைத் தட்டினேன்.

"அக்கா அன்னிக்கு தொட்டில மேச மேல வெச்சிட்டுப் போச்சு பாரு. அத பாத்துக்கினே ராவெல்லாம் படுத்திருந்தேன். காலையில ஃபாரத்துல அதான் வந்துச்சு. அப்பறமா மாத்திக்கலாம்னு பாத்தேன்."

"உங்க அப்பறம் எனக்குத் தெரியும்" என்றேன். ஒரு வாரத்தில் நான் பேசிய முதல் வார்த்தை.

ஜனவரி 30, ஞாயிறு

முதல் பூசை முடிந்ததும் ஸ்டேஷன் பக்கம் திரும்பினார். "திருநின்றவூர் போய்ட்டு வந்துடறேன்." நானும் வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குறுக்கே ஆட்டினார்.

மூன்று மணிக்கு வந்தார். மீன்குழம்பு எடுத்து வைத்தேன், தொடவில்லை.

"சொல்ட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. உள்ள போய்க் கதவ சாத்திக்கினாங்க. கதவுகிட்டயே ரொம்ப நேரம் குந்தியிருந்தேன். தொறக்கல. வந்துட்டேன்."

ஐம்பத்தெட்டு வயது ஆள். இவரைத் திட்டுவதா, பக்கத்தில் உட்காருவதா என்று தெரியவில்லை. திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன். முன்னாடியே சொல்லியிருந்தால் இவ்வளவு கஷ்டம் உண்டா? யாருக்கும் உண்டா?

பிப்ரவரி 1, செவ்வாய்

ஆர்டர் மாறிவிட்டது. ஔலியைத் தப்பாக டைப் அடித்து, பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போதும்.

பிப்ரவரி 5, சனி

பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"பதினோரு தொட்டில், குமாரி. நீலம், சேப்பு, மஞ்சள்னு பாத்துப் பாத்து வாங்குனேன். ரெண்டு பேரும் என்னய முட்டாளாக்கிட்டீங்க."

"நான் இல்ல அண்ணி—"

"நீயுந்தான். வாயி இல்லியா உனக்கு?"

இருக்கிறது. எனக்கு வாய் இருப்பது ஆவடிக்கே தெரியும். அதைத் திறக்காமல் போனது என் தப்பும்தானே? இதுவரை நான் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. எல்லாப் பழியையும் இவர் தலையிலேயே போட்டு வந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அண்ணி உள்ளே வந்து உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த நீலத் தொட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். தண்ணீர் கேட்டார், குடித்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப மெதுவாகக் கேட்டார்:

"அப்ப ரொம்ப வலிச்சுதா?"

பதினோரு வருஷத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. "ஆமா அண்ணி" என்றேன். அழுதுவிட்டேன். அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, இந்த வீட்டுக்கு வந்த நாளாக என்னைத் திட்டிய அதே குரலில் இவரைத் திட்டினார். கேட்க நன்றாக இருந்தது.

போகும்போது யூகலிப்டஸ் தைலம் ஒரு புட்டி, பூண்டு ஊறுகாய் ஒரு பாட்டில், இவருக்குக் குரங்குக் குல்லா. "பொதன்கெயம கறி துன்னாதீங்க. ரயில்ல இன்னா குடுத்தாலும் சரி."

பிப்ரவரி 13, ஞாயிறு. ஔலி

விரல் மரத்துப் போகிறது, எழுத்து கோணுகிறது. இருந்தாலும் இதை இங்கேயே எழுதிவிட வேண்டும்.

முந்தாநாள் வந்தபோது பாதை மூடியிருந்தது. கடைசி மூன்று கிலோமீட்டர் நடந்தே ஏறினோம். பீகார்க்காரம்மா சைகையில் காட்டியது இதைத்தான். வழி முழுக்க இவர் முனகினார். இன்று காலையும் அதே பாட்டு: ஆவடியில் இருந்தால் இந்நேரம் பூசை முடிந்து இட்லி சாப்பிட்டிருக்கலாமாம். வெந்நீர் பத்து நிமிடத்தில் ஆறிவிடுகிறது. ஊறுகாய்ப் பாட்டில் பெட்டியில் உடைந்து, என் சேலையெல்லாம் பூண்டு வாசனை. ஒரு வாரம் தோசை இல்லாமல் இந்த மனிதர் படுத்துகிற பாட்டுக்கு, சண்முகசுந்தரத்தையும் சமையல்காரரையும் கூட்டி வந்திருக்கலாம்.

மேலே போக, கம்பியில் தொங்கியபடி நகரும் நாற்காலி இருக்கிறது. இரண்டு டிக்கெட் வாங்கினோம். ஏற்றிவிடுகிற ஆள் எங்கள் ஆரஞ்சு ஜாக்கெட்டுகளைப் பார்த்தார். சட்டென்று இவருடைய இடது கையைப் பிடித்து, அந்தச் சின்னப் பையின் ஜிப்பைத் திறந்து, டிக்கெட்டை உள்ளே செருகி மூடினார். கையுறையைக் கழற்றாமல் கையை நீட்டிக் காட்டுவதற்காம்.

அவ்வளவுதான்! பன்னிரண்டு வருஷ வழக்கு! சுலைமான் பாயிடம் சொன்னால் நம்பமாட்டார்.

அந்த ஆள் என் கையையும் பிடித்தார். ஜிப் திறக்கவில்லை. இழுத்துப் பார்த்தார். "அது தெறக்காது, தைச்சு மூடிகீது" என்று இவர் தமிழிலேயே அந்த ஆளிடம் சொன்னார். என் டிக்கெட்டை வாங்கித் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். "ரெண்டும் இதுலயே இருக்கட்டும்."

மேலே போனோம். காலுக்குக் கீழே எல்லாம் வெள்ளை. அட்டையில் இருந்த மாதிரிக் கோயில் எதுவும் இல்லை. மனிதர்கள் மட்டும் எறும்பு மாதிரிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கி நின்றேன். முழங்கால் வரை புதைந்தேன். குனிந்து அள்ளினேன். கல் உப்பு மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். கோலமாவு மாதிரி லேசாக இருக்கிறது.

திரும்பிப் பார்த்தால் இவர் குரங்குக் குல்லாவோடு கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறார். வேளாங்கண்ணியில் நிற்பாரே, அதே மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. இங்கே வந்துமா?

"இன்னா கேட்டீங்க?" என்றேன்.

கண்ணைத் திறந்தார். கூப்பிய கையைப் பரபரவென்று தேய்த்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் கேக்கல குமாரி. குளிருது."